விரதக்காரன் நெஞ்சில் சாராயம்

மேலப்பொய்கைப்பட்டி,
இலுப்பூர் வழி,
புதுக்கோட்டை மாவட்டம்.
பங்குனித் திருவிழாவுக்கு மறுநாள்.

நீண்ட ஆயுளும் நிறைந்த பலமும் பெற்று வாழும் தம்பி ரெங்கராஜுக்கு, அண்ணன் அடைக்கலம் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி பிரகதாம்பாளும் அம்மன் புண்ணியத்தில் சுகம். ராய்ப்பூரில் நீயும் பொன்னுத்தாயும் வெயிலுக்கு ஈடுகொடுத்துக்கொண்டு அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வழக்கமாக "சுமார்" என்றுதான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை "சுகம்" என்று எழுதிவிட்டு, அது மிகையோ என்று சந்தேகம் வந்து, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன். மூச்சு வாங்கவில்லை. ஆகவே அந்தச் சொல்லை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் "ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பதற்குள் நீ உன் விஷயங்களையெல்லாம் பேசி முடித்து வைத்துவிடுகிறாய். வைத்த பிறகுதான் நான் சொல்ல வேண்டியது எனக்கு வரிசையாக நினைவுக்கு வருகிறது. காலமெல்லாம் வேதியியல் வாத்தியாராக இருந்தவனுக்கு நோக்கம், செய்முறை, காண்பன, முடிவு என்று போனால்தான் கை ஓடும். இந்தக் கடிதத்தின் நோக்கம், நீ இருதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது. எனக்கு வந்த இந்த நெஞ்சுச் சதைத் தடிப்பு குடும்பத்தில் ஓடுகிற சங்கதி, கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதை உனக்குச் சொன்னபோது, "எனக்கெதுக்குண்ணே? வாடிவாசல்ல நின்னு மாடு புடிச்ச நெஞ்சு இது. ஒனக்கு பயத்துல வந்தது" என்று சிரித்தாய். சிரித்த கையோடு பேச்சை மாற்றி ராய்ப்பூர் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததையும் கவனித்தேன். தம்பி, காளையின் கொம்புக்கு முன்னால் நின்றவன் நீ. ஆனால் தடுப்பூசி போட ஆள் வந்த அன்றைக்கு வைக்கோல் படப்புக்குள் ஒளிந்தவனும் நீதான். ஆகவே நடந்ததையெல்லாம் முறையாக எழுதுகிறேன். நடந்தவை முறையாக நடக்கவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பயத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தால் அடித்துக்கொள்ளும், விசேஷ வீட்டில் பந்தியிலிருந்து எழுந்தால் கண் இருட்டும், பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடினால் மூச்சு தொண்டையில் நிற்கும். இதற்கெல்லாம் ஊர் ஒரே காரணம்தான் சொன்னது: அடைக்கலம் சாருக்குப் பயம். நானும் படித்தவன்தான், காரண காரியம் சொல்லிக்கொடுத்தவன்தான், இருந்தும் ஊர் சொன்னதையே ஒப்புக்கொண்டு இத்தனை வயது வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, என் பயம் பாதிக்குப் பாதி சதை.

போன ஆடியில் நம் இருளாண்டி அண்ணன் தவறிப்போனாரல்லவா, அவருடைய காரியத்தன்று பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது முதல் குடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. உனக்குத் தெரிந்ததுதான், பொன்னுத்தாயும் படிப்பாள் என்பதற்காக எழுதுகிறேன்: பங்குனித் திருவிழாவில் ஊருணியிலிருந்து அம்மன் கோயிலுக்குப் போகிற பால்குடங்களில் முதல் குடம் எடுப்பது நம் வகையறாவின் மரியாதை. எடுக்கிறவர் ஒரு மண்டலம் கையில் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். கறி மீன் கூடாது, மது வாடையே ஆகாது. ஒரு வருடம் நம்மில் ஆள் இல்லாமல் போனால் குடம் கீழ வகையறாவுக்குப் போய்விடும், போனால் போனதுதான். அப்பாவுக்குப் பிறகு இருளாண்டி அண்ணன் எடுத்தார். அவருக்குப் பிறகு ஊரில் இருக்கிற ஒரே ஆள் நான். "என்ன அடைக்கலம், இனிமே நீங்கதான?" என்று கேட்டார்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்வதற்காக நான் எழுந்தேன். எழுந்தது நினைவிருக்கிறது. அப்புறம் நினைவு வந்தபோது தெற்குத் தெரு ஆண்டிச்சாமி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். ஊரிலேயே அதிகம் குடிக்கிறவன் அவன்தான், அதிகம் உதவுகிறவனும் அவன்தான். "சாருக்குக் கனமே இல்லப்பா. பயந்தவங்க எல்லாம் லேசாத்தான் இருப்பாங்க" என்று கூட வந்தவர்களுக்கு அவன் சொல்லிக்கொண்டு வந்தது என் காதில் விழுந்தது. குடம் என்றதும் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. கீழ வகையறா ஆத்மநாதன் மட்டும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்து, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே, கொடத்த நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓசூரிலிருந்து மகன் நிலவழகன் வந்து என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போனான். அங்கே தேவிப்ரியா என்று ஒரு டாக்டர். நம் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் வயதுதான் இருக்கும். எக்கோ எடுத்தார்கள். வலிக்காது தம்பி, குளிர்ந்த பசையைத் தடவி மேலே ஒரு கட்டையை உருட்டுகிறார்கள், அவ்வளவுதான். பார்த்துவிட்டு அவர், "சார், ஒங்க நெஞ்சுல கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சுவரு தடிச்சுப் போயிருக்கு. ரத்தம் வெளிய போற வாசலை அது அடைக்குது" என்றார். உன் அண்ணி உடனே, "வாசல்ல எருமை படுத்துக்கிட்ட மாதிரிங்களா?" என்று கேட்டாள். டாக்டருக்கு அது பிடித்துப்போய், அதற்கப்புறம் எல்லா விளக்கத்தையும் எருமையை வைத்தே சொன்னார். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது, அதை மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "அப்படியானால் டாக்டர், இது பயம் இல்லையா?" என்றேன். "பயமா? இப்படி ஒரு அடைப்பை நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு இத்தன வருசம் நின்னுக்கிட்டே பாடம் நடத்தியிருக்கீங்க. அதுக்குத் தைரியம்னுதான் பேரு" என்றார். அந்தச் சொல்லை யாருக்குச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தையில் மறுபடியும் மயக்கம் வந்தது. அதன் பிறகுதான் அவர் மற்ற வழிகளைச் சொன்னார். நெஞ்சைத் திறந்து அந்தச் சதையைச் சீவி எடுப்பது ஒன்று. திறக்காமலே தொடையிலிருந்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இருதயம் வரைக்கும் அனுப்பி, தடித்த இடத்துக்குத் தீனி கொண்டுபோகிற சின்னக் கிளையைத் தேடிப் பிடித்து, அதற்குள் ஒரு சிறு கரண்டியளவுகூட இல்லாத ஒரு திரவத்தைச் செலுத்துவது இன்னொன்று. "அந்த எடத்துச் சதை மட்டும் செத்துச் சுருங்கிரும் சார். வாசல் தெறந்துக்கும். சொல்லப்போனா நாங்களே ஒரு குட்டி மாரடைப்பை உண்டாக்குறோம், எங்களுக்கு வேணும்ங்கிற எடத்துல." மாரடைப்பு வராமல் இருக்க மாரடைப்பு. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் புத்தி விடாமல், "என்ன திரவம்?" என்று கேட்டேன். "ஆல்கஹால் சார். சுத்தமான எத்தனால்." அதற்குப் பிறகும் அவர் அது சரிப்படாவிட்டால் என்ன, அப்புறம் என்ன என்று நிறையச் சொன்னார். என் காதில் ஏறவில்லை. நான் எத்தனாலிலேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமைதான் காப்புக் கட்டு. அதற்கடுத்த வாரம் சிகிச்சை. எத்தனாலின் வாய்பாட்டை எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டவன், ஆய்வகத்தில் அதன் புட்டியைத் திறக்கும்போதுகூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவன், மது வாடையே ஆகாது என்று அம்மனுக்குக் கட்டுப்பட்டு அதை நேராக நெஞ்சில் வாங்கிக்கொள்வதா? "டாக்டர், இதற்குப் பதிலாகப் பன்னீர் மாதிரி ஏதாவது...?" என்று கேட்டேன். "பன்னீருக்கெல்லாம் எருமை சாகாது சார்" என்றார். ஊருக்கு வரும் வழியெல்லாம் நான் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுக்கொண்டு வந்தேன். உன் அண்ணி வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே முடிவு சொல்லிவிட்டாள். "காப்பைக் கட்டாம வைத்தியம் பாத்தா கொடம் போயிரும். வைத்தியம் பாக்காம காப்பைக் கட்டுனா நீங்க போயிருவீங்க. ரெண்டையும் செய்ங்க. ஆத்தாளுக்குக் கண்ணு இருக்கு." பூசாரி திருப்பதியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டதற்கு உன் அண்ணி, "அந்த வாடையே இவுகளுக்கு ஆகாதும்மா" என்றாள். "நாளைக்கு ஆயிரும்" என்றார் நர்சம்மா. கையிலிருந்த காப்புக் கயிற்றைக் கழற்றச் சொன்னபோது நான் கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதை நான்தான் சொன்னேன் என்பதை நிலவழகனே நம்பவில்லை. அவர்கள் உள்ளே கேட்டுவிட்டு வந்து அதன் மேலேயே பிளாஸ்திரி சுற்றிவிட்டார்கள்.

உள்ளே ஒரே குளிர். பெரிய பெரிய திரைகள், முகமூடி போட்ட ஆட்கள். மயக்கம் முழுதாகக் கொடுப்பதில்லை, தூக்கக் கலக்கம் மாதிரி ஒன்று கொடுக்கிறார்கள். அது ஏறுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று, "டாக்டர், எத்தனால்தானே? மெத்தனால் இல்லையே?" என்று கேட்டேன். "சார், நான் ஒங்ககிட்டப் படிக்கல. ஆனாலும் பாஸ் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார். அறையே சிரித்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதன் பிறகு அவர்கள் தங்களுக்குள் வேகவேகமாக ஏதோ பேசிக்கொண்டார்கள், இன்னொரு டாக்டர் வந்தார், நேரம் போனது. திடீரென்று நெஞ்சுக்கு நடுவில் ஒரு எரிச்சல். மிளகாய் பட்ட மாதிரி, ஆனால் உள்ளுக்குள். ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையையே தொடாமல் நேராக வேலை செய்கிற சாராயம் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான், தம்பி. உன் அண்ணன் அதில் ஒருவன் என்று அந்த நிலையிலும் எனக்கு ஒரு பெருமிதம். தலை லேசானது. உடம்பு மிதந்தது. தனிமங்களின் பெயர்களை வரிசையாக உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தது இடைஞ்சலாக இருந்ததால், "சைலன்ஸ்!" என்று ஒரு அதட்டல் போட்டேன். அத்தனை பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு வகுப்பும் எனக்கு அப்படி அடங்கியதில்லை. மது மனிதனை என்னவெல்லாம் செய்கிறது பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே கொண்டுவந்த பிறகு சில நாள் படுக்கையில் வைத்து இருதயத் துடிப்பை இரவும் பகலும் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் நிலவழகன் இன்சூரன்சுக்கென்று ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கும் அவற்றைப் படிக்கிற ஆசை இல்லை. முதல் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு நான் வீட்டுச் சாவிகள் எது எது என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவள் என் கையில் எந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் கொடுப்பதில்லை.

ஊருக்கு வந்து நாலைந்து நாள் கழித்து, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாரே என்று டீக்கடை வரைக்கும் போனேன். மூச்சு வாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். ஆண்டிச்சாமி, "எப்படிச் சார் நெஞ்சைத் தெறக்காமலே சரி பண்ணாங்க? என்னா மருந்து?" என்று கேட்டான். மருந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கேள்வி என்று வந்துவிட்டால் எனக்குச் சரியான விடையைச் சொல்லாமல் இருக்க வராது. "எத்தில் ஆல்கஹால்" என்றேன். அவன் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "அப்படின்னா... நம்ம சரக்கா?" "அதன் தூய வடிவம்." அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நாங்கல்லாம் இத்தன வருசமா வயித்துக்கு அனுப்பி வீணாக்கிட்டோம் சார். நீங்க நேரா நெஞ்சுக்கே அனுப்பிட்டீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்!" டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அது கீழ வகையறா வரைக்கும் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆத்மநாதன் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, "அண்ணன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஊர் மேல அதைவிட உண்டு. ஒரே ஒரு கேள்விதான் கேக்குறேன். காப்புக் கட்டுன கையோட அண்ணன் ஒடம்புக்குள்ள சாராயம் போச்சா, இல்லையா? ஆமா இல்லன்னு சொன்னாப் போதும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல் குடம் அந்த இடத்தில் என் ஒரு சொல்லில் நின்றது. "ஆமாம்" என்றேன். கூட்டம் சலசலத்தது. ஆண்டிச்சாமி மட்டும் பின்னாலிருந்து, "அது குடி இல்லீங்க! குடின்னா வாயால குடிக்கணும். எனக்குத் தெரியாதா?" என்று கத்தினான். "நீ சும்மா இருப்பா, ஒன்னைய சாட்சிக்குக் கூப்புடல" என்றார் ஆத்மநாதன். "நானே வராம வேற யாரு வருவா? இந்த ஊர்ல அதைப் பத்தி என்னை விட்டா யாருக்குத் தெரியும்?" "வாயால போனா என்ன, காலால போனா என்ன, உள்ள போச்சுல்ல?" என்றார் ஒருவர். "அண்ணன் வேணும்னா அடுத்த வருசம் பாத்துக்கட்டும். இந்த வருசக் கொடத்த எங்க வகையறா எடுத்துக்கறோம்" என்று ஆத்மநாதன் கையைக் கூப்பினார். கூப்பிய கைக்கு இடையில் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் போய்விட்டதை நான் பார்த்தேன்.

இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன். நான் எழுந்தேன். எழுந்தபோது கண் இருட்டவில்லை. அதுவே என்னை ஒரு தள்ளு தள்ளியது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன், ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. "ஆத்மநாதா, இரண்டாவது குடத்துக்கு நீயும் காப்புக் கட்டியிருக்கிறாய். மூட்டு வலிக்கு ராத்திரி படுக்கும்போது என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன். மண்டபம் முழுக்க எதிரொலிக்கும்படி கேட்டேன். "தசமூலாரிஷ்டம்ணே" என்றார் அவர். "அரிஷ்டம் எப்படி ஆகிறது தெரியுமா? வெல்லத்தைப் போட்டு நொதிக்கவைக்கிறார்கள். நொதித்தால் என்ன வரும்? இந்த மண்டபத்தில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள், சொல்லட்டும்!" மூன்று நான்கு மூலைகளிலிருந்து, "எத்தில் ஆல்கஹால் சார்!" என்று குரல் வந்தது. வகுப்பில் ஒரு நாளும் வராத விடை. "அது எவ்வளவு இருக்கிறது என்று புட்டியிலேயே போட்டிருக்கிறது, போய்ப் படித்துப் பார். ஒரு ராத்திரிக்கு நீ குடிக்கிறதில் இருப்பது என் நெஞ்சுக்குள் போனதற்குக் குறையாது. அதுவும் நீ தினமும் குடிக்கிறாய், நான் ஒரே ஒரு தடவை!" ஆத்மநாதன் பதறிப்போய், "அண்ணே, அது மருந்துண்ணே!" என்றார்.

அதோடு முடிந்தது. மண்டபமே சிரித்தது. "அதைத்தானப்பா சாரும் சொல்றாரு!" என்றார்கள். ஆத்மநாதன் உட்கார்ந்துவிட்டார். பூசாரி திருப்பதி அதுவரைக்கும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், துப்பிவிட்டு வந்து, "ஆத்தா வாசல்ல காவலுக்கு நிக்கிற கருப்பருக்கு நாம என்னத்தப் படைக்கிறோம்? சாராயம். அவரு காவல் கெட்டுப்போச்சுன்னு யாராவது அவரை மாத்துனமா?" என்றார். "அப்படிப் போடுங்க! வெராலிமலை முருகனுக்கே சுருட்டு வச்சுக் கும்புடுறோம்" என்றான் ஆண்டிச்சாமி. "இது சாரு குடிச்சதில்ல. கருப்பரு பங்கு சாரு நெஞ்சுல எறங்கியிருக்கு. இல்லாட்டி சாரு இந்தப் பேச்சுப் பேசுவாரா?" என்று முடித்தார் பூசாரி. இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொண்டேன், நான் அப்படிப் பேசியதற்கு வேறு விளக்கம் என்னிடமும் இல்லை. முதல் குடம் எனக்கே என்று தீர்ப்பாயிற்று. அதிலிருந்து வந்த தொல்லை வேறு. மறுநாள் காலையில் வடக்குத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து காணாமல் போன ஆட்டுக்குக் குறி கேட்டது. நான் எவ்வளவோ மறுத்தும் விடவில்லை. ஆடு வேறு எங்கே போகும் என்று, "ஊருணிக் கரையில பாருங்க" என்றேன். ஆடு அங்கேயே நின்றது. இப்போது நான் தெருவில் போனால் பீடியை மறைக்கிறார்கள்.

நேற்றுத் திருவிழா. டாக்டரிடம் முன்னமே கேட்டு, சின்னக் குடமாக இருந்தால் எடுக்கலாம் என்று அனுமதி வாங்கியிருந்தோம். உன் அண்ணி பாலை அளவாக ஊற்றி, வேப்பிலை சொருகித் தலையில் ஏற்றிவிட்டாள். ஊருணியிலிருந்து கோயில் மேடு வரைக்கும் உனக்குத் தெரியும், வழியெல்லாம் ஏற்றம், பங்குனி வெயில், கால் வைக்க முடியாத மணல். முன்னால் மேளம், அடுத்தாற்போல் நான், எனக்குப் பின்னால் ஊர். பாதி ஏற்றத்தில் பழைய பழக்கத்தில் நெஞ்சு அடைக்கும் என்று காத்திருந்தேன். அடைக்கவில்லை. மேலும் நடந்தேன். அடைக்கவில்லை. அங்கே நான் சிரித்துவிட்டேன் தம்பி, தலையில் குடத்தோடு, சத்தமாக. பின்னால் வருகிறவர்கள் கருப்பர் சிரிக்கிறார் என்று குலவை போட்டார்கள். இரண்டாவது குடம் ஆத்மநாதன். மூட்டு வலியோடு அவர் மூச்சுத் திணறி வருவது கேட்டதும் நான் மேளக்காரர்களை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவருக்குக் கொடுத்தேன். "சாராயம் நல்லா வேலை செய்யுதுண்ணே" என்றார், பிடித்துக்கொண்டே. அம்மனுக்குப் பால் ஊற்றியபோது ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. கூட்டத்தில் நின்ற உன் அண்ணி கண்ணீர் விடுவாள் என்று பார்த்தேன். "நெஞ்ச நிமித்துங்க" என்றாள்.

ஆகவே முடிவு. பயம் என்பது நெஞ்சில் தடித்த சதை. தைரியம் என்பது அந்தச் சதையில் சரியான இடத்தில் விழுந்த சிறிதளவு எத்தனால். இதை நான் என் உடம்பிலேயே செய்து பார்த்து எழுதுகிறேன். ஆகவே தயங்காமல் போய் எக்கோ எடு. ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷம். இருந்தால், நெஞ்சைத் திறக்காமலே வழி இருக்கிறது. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கொள், மற்றதைச் சாராயம் பார்த்துக்கொள்ளும்.

பொன்னுத்தாய்க்கு எங்கள் இருவரின் ஆசிகள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முத்தங்கள். அவர்களையும் எக்கோவுக்குக் கூட்டிப்போகவும். அம்மன் உன் நெஞ்சில் உட்கார்ந்து வாசலைத் திறந்தே வைத்திருக்கட்டும்.

உன் அன்பு அண்ணன்,
அடைக்கலம்

பி.கு.: "முடிவு" என்ற பத்தி கொஞ்சம் அடித்துப் பேசுவதாகப் பட்டதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. இன்று திருச்சிக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் தேவிப்ரியா பார்த்துவிட்டு வாசல் நன்றாகத் திறந்திருக்கிறது என்றார். நான் நன்றி சொல்லி, அந்த எத்தனாலை இத்தனை நாள் தவறாக நினைத்துவிட்டேன் என்றேன். "எத்தனாலா? ஒங்களுக்கு அது போடவே இல்லையே சார்" என்றார். அன்றைக்குச் சாயம் விட்டுப் பார்த்ததில், அந்தக் கிளை தடித்த இடத்துக்கு மட்டுமில்லாமல் வேறு இடத்துக்கும் ரத்தம் கொண்டுபோவது தெரிந்ததாம். ஆல்கஹால் விட்டால் நல்ல சதையும் போய்விடும் என்று, முன்னமே என்னிடம் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தபடி, அந்த வேலை தெரிந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு, குழாயின் நுனியால் சூடு வைத்தே சதையைச் சுருக்கிவிட்டார்களாம். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. நிலவழகனுக்குப் போன் போட்டால், "அப்பா, அன்னைக்கே ஒங்ககிட்டச் சொன்னேனே, நீங்களும் தலையாட்டுனீங்களே" என்கிறான். ஆட்டியிருப்பேன். நான் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

ஆகவே மேலே எழுதியதில் எத்தனால் என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். படித்தால் என்ன மிஞ்சுகிறது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. ஆண்டிச்சாமிக்கு இது தெரிய வேண்டாம், மனசு உடைந்துபோவான். திரும்பி வரும் பஸ்ஸில் உன் அண்ணி டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "அப்ப அன்னைக்கு மண்டபத்துல பேசுனது யாரு?" என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்துவிட்டது. கண்டக்டர், "இது பாயிண்ட் டு பாயிண்ட், இங்கெல்லாம் நிக்காது பெருசு. இலுப்பூர்ல எறங்கி நடந்து வாங்க" என்றார். எத்தனையோ தடவை நான் அப்படி இலுப்பூரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். டிக்கெட் கொடுக்கும்போது நிற்கும் என்று அவர்தான் சொன்னார். நான் எழுந்து நின்று, உள்ளே ஒரு சொட்டும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தே, வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டேன்.

பஸ் நின்றுவிட்டது, தம்பி.